மேனேஜர் அண்ணியின் பெட்டி

இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், யாரோ ஆணி அடித்து அதில் ஈரத்துணியைத் தொங்கவிட்ட மாதிரி வலித்தது ஜாக்கிக்கு. நேற்று ஒரு டாக்டர் வீட்டு பீரோவை மாடிப்படி வழியாக இறக்கியபோது பிடித்த வலி. படுத்தால் குத்தியது. உட்கார்ந்தால் இழுத்தது. நின்றால் மட்டும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டது. அதனால் விடியும் முன்பே எழுந்து கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

எதிரே அண்ணியின் பெரிய பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது.

இன்றைக்கு அண்ணி கிளம்புகிறாள்.

வீடு மாற்றிக் கொடுப்பதுதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடும் தொழில். இருப்பது ஒரே லாரி. அண்ணன் அதற்கு டிரைவர். தங்கை தூக்குகிறவள். டயர் மாற்ற வைக்கும் ஜாக்கி மாதிரி அலுங்காமல் தூக்குகிறாள் என்று கூலிக்கு வந்த ஒருவன் என்றைக்கோ சொல்ல, அன்றிலிருந்து வீட்டிலும் வெளியிலும் அவள் ஜாக்கிதான். அண்ணிக்குப் போன் வேலை. எந்த வீடு, எந்த நாள், எத்தனை ஆள், எவ்வளவு அட்டைப்பெட்டி எல்லாம் அவள் சொல்வதுதான். ஆட்கள் அவளை 'மேனேஜர் அம்மா' என்று கிண்டலடிப்பார்கள்.

அந்தக் கிண்டல்தான் இப்போது நிஜமாகிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கல்லூரி அவளுக்கு நிர்வாகப் படிப்பில் இடம் கொடுத்து, கட்டணத்தையும் தள்ளுபடி செய்திருந்தது. முப்பத்து மூன்று வயதில், ஏழு வயது மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் படிக்கப்போகிறாள்.

அண்ணன் தடுக்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். குளிருக்குக் கோட்டு வாங்கக் கடைகடையாக லாரியை நிறுத்தினான். ஆனால் படிப்பைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நேற்றுச் சாப்பிட்டு முடித்ததும் அண்ணி நேராகவே கேட்டுவிட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. 'போயிட்டு வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதை வச்சுக்கிட்டு நான் ரெண்டு வருஷம் ஓட்டிடுவேன்."

"முன் டயர்ல காத்து கம்மியா இருக்கு," என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து போய்விட்டான்.

ஜாக்கி பின்னாலேயே போய்ப் பார்த்தாள். எல்லா டயரிலும் காற்று கல்லு மாதிரி இருந்தது.

சரி, அவன் கதை அப்படி. இப்போது பெட்டியைப் பார்க்க வேண்டும். 'உன்னை மாதிரி அடுக்க ஆள் கிடையாது, நீயே அடுக்கிக் கொடு' என்று அண்ணி கேட்டிருந்தாள். அந்த ஒரு பேச்சுக்காக ஜாக்கி வலியை ஓரமாக வைத்துவிட்டு மண்டி போட்டாள்.

அடியில் புத்தகம். மேலே இரும்புச் சட்டி. சட்டிக்குள் சாக்ஸ். ஒரு விரல் நுழையும் இடம்கூட வீணாகவில்லை. அப்போதுதான் நாற்காலியில் இருந்த அண்ணியின் கைப்பை கண்ணில் பட்டது. அதற்குள்ளிருந்து நீல ஃபைல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கல்லூரிக் கடிதம், விசாக் காகிதம், பணம் இருப்பதற்கான அத்தாட்சி, பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிய சர்டிபிகேட் என்று அண்ணியின் இரண்டு வருட உழைப்பு மொத்தமும் அதற்குள் இருந்தது.

கைப்பையிலா வைப்பார்கள்?

எத்தனை வீடு மாற்றியிருக்கிறாள் ஜாக்கி. லாரியில் ஏறிய பெட்டி தொலைந்ததே இல்லை. தொலைவதெல்லாம் 'இது முக்கியம், நானே கையில வச்சுக்கறேன்' என்று வீட்டுக்காரர்கள் வைத்துக்கொள்ளும் கைப்பைதான். மதில்மேல் வைத்துவிட்டு மறப்பார்கள். கார் கூரைமேல் வைத்துவிட்டுக் காரை எடுப்பார்கள். காலி வீட்டுக் குளியலறையில் மாட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவார்கள். பிறகு நடுரோட்டில் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். அதனால் அவர்கள் தொழிலில் உயிரான சாமான் நடுவில்தான் போகும். சுற்றிலும் மெத்தை, மேலே கம்பளி, அதற்குமேல் கயிறு.

அண்ணி குளித்துக்கொண்டிருந்தாள். ஜாக்கி ஃபைலை உருவிப் போர்வையில் சுருட்டிப் பெட்டியின் நட்டநடுவில் புதைத்தாள். கைப்பை இளைத்துப் போனால் அண்ணிக்குச் சந்தேகம் வரும். அந்த இடத்தில் மடித்த துண்டு ஒன்றையும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் வைத்தாள். வழியில் பசிக்கும் அல்லவா?

மூடினாள். லாரிக் கயிற்றால் நாலு பக்கமும் இறுக்கினாள். தொழில் வழக்கப்படி பெட்டிமேல் தடித்த பேனாவால் 'கோட்டு, பாத்திரம், புத்தகம்' என்று எழுதினாள். ஃபைல் என்று எழுதவில்லை. திருடனுக்கு எதற்கு அடையாளம் காட்டிக் கொடுக்க வேண்டும்?

எழுந்தபோது முதுகு 'அம்மா' என்றது. மனசு நிறைந்திருந்தது.

*

லாரி கேபினில் நாலு பேர். ஸ்டியரிங்கில் அண்ணன். நடுவில் அண்ணி. அவள் மடியில் மகள், பெயருக்கு ஏற்ற வாலு. ஜன்னல் ஓரம் ஜாக்கி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல்.

அண்ணி போனை எடுத்துக் குளிர் அக்காவைப் பேசவிட்டாள். குளிர் அக்கா அதே கல்லூரியில் ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள். முகம் பார்த்ததில்லை. குரல்தான். எப்போதும் சளி பிடித்து மூக்கடைத்த குரலில் பதிவு செய்து அனுப்புவாள்; அந்தப் பெயரும் அதனால்தான். அண்ணி அவற்றைச் சமையல்கட்டிலும் லாரியிலும் போட்டுப் போட்டுக் கேட்டதில் வாலுவுக்கே பாதி மனப்பாடம்.

"வந்த உடனே யாருக்கும் வீட்டு அட்வான்ஸ் அனுப்பிடாத," என்றது குரல். "போட்டோல எல்லா வீடும் அரண்மனையாத்தான் இருக்கும். முதல்ல கல்லூரி விடுதியில கொஞ்ச நாள் தங்கு. அப்புறம் நேர்ல போய்க் குழாயைத் திறந்து பாரு, கதவைப் பூட்டிப் பாரு. அதுக்கப்புறம் காசை எடு."

"இவ நம்ம ஆளு," என்றாள் ஜாக்கி.

"பார்ட் டைம் வேலைக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம்னு அளவு இருக்கும். கடைக்காரன் 'கூடக் கொஞ்சம் செய், யாரு பாக்கப் போறா'ம்பான். அவனுக்கு ஒண்ணும் ஆகாது. போறது உன் விசாதான். சாப்பிடற மாத்திரைக்கு டாக்டர் சீட்டு கூடவே இருக்கணும். அப்புறம் வகுப்பு. இங்க வாத்தியார் பாடமே நடத்த மாட்டாரு. ஒரு கம்பெனி கதையைக் கொடுத்துட்டு, நீ முதலாளியா இருந்தா என்ன பண்ணுவேன்னு கேப்பாரு. தப்போ சரியோ சொல்லிடு. வாயைத் திறக்கணும். இல்லன்னா மார்க் இல்ல."

"வாயைத் திறக்கணும், இல்லன்னா மார்க் இல்ல," என்று வாலு மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே குரலில் சொன்னாள். அண்ணி சிரித்தாள்.

"குழுவாச் சேர்ந்து செய்யற வேலை நிறைய வரும். எல்லாத்தையும் நீயே தலையில போட்டுக்காத. பிரிச்சுக் கொடு. கடைசியா ஒண்ணு, இது ரொம்ப முக்கியம்..."

"அதைக் கொஞ்சம் நிறுத்தேன்," என்றான் அண்ணன். "ரோடு தெரியல."

பேச்சை நிறுத்தினால் ரோடு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணி போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜாக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கிளம்பும் நாளில் சண்டை வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜாக்கியும் ஆரம்பத்தில் கேலி செய்தவள்தான். 'மேனேஜ் பண்றதுக்கு என்ன படிப்பு? தூக்கு, நகரு, வை. முடிஞ்சது' என்றிருக்கிறாள். அந்தக் கேலி உதிர்ந்தது கல்லூரிக்காரர்கள் வீடியோவில் அண்ணியைப் பேட்டி எடுத்த நாளில். அன்றைக்கும் வேலை இருந்தது. சத்தமில்லாத இடம் கிடைக்காமல், பாதி காலியான ஒரு வீட்டின் சமையலறையில் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து அண்ணி பேசினாள். வெளியே படிக்கட்டில் ஜாக்கியும் இன்னொருவனும் தோளில் சோபாவோடு சிலைபோல நின்றார்கள். இறக்கி வைத்தால் சத்தம் கேட்கும்.

'நீங்கள் எதை நிர்வகிக்கிறீர்கள்' என்று கேட்டார்களாம். "நாலு ஆள், ஒரு லாரி, மத்தவங்க உயிரா நினைக்கிற சாமான்," என்று சொல்லியிருக்கிறாள். மழை நாளில் ஒரே லாரியை வைத்து மூன்று குடும்பங்களை மாற்றியதை, யாரை முதலில் காக்க வைத்தேன், ஏன் காக்க வைத்தேன் என்று விளக்கியிருக்கிறாள். பேட்டி முடிந்து கதவைத் திறந்தவள் சோபாவைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இறக்கி வைக்கக் கூடாதா?" என்று பதறினாள்.

அந்தச் சோபாவின் கனம் இன்னும் ஜாக்கியின் தோளில் இருக்கிறது. அதை அவள் இதுவரை ஒரு குறையாகச் சொன்னதில்லை.

*

விமான நிலைய வாசலில் மூன்று பேரையும் பெட்டியையும் இறக்கிவிட்டு, "வண்டிய நிறுத்திட்டு வரேன்," என்று அண்ணன் போனான். லாரிக்கெல்லாம் அங்கே இடம் கிடையாது. சுற்றிக்கொண்டு போய்ச் சரக்கு வண்டிகளோடுதான் நிறுத்த வேண்டும்.

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் வரிசை நீளமாக இருந்தது. எல்லாருடைய பெட்டியும் சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு போக, அண்ணியின் பெட்டி மட்டும் கயிற்றால் வரிந்து கட்டப்பட்டு, நெற்றியில் எழுத்தோடு நகர்ந்தது. ஜாக்கி அதை ஒரு குழந்தையைப் போலப் பெருமையாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

காத்திருந்த நேரத்தில் அண்ணி போனைக் காதோரம் வைத்து, பாதியில் நின்ற பதிவை ஓடவிட்டாள். பக்கத்தில் நின்ற ஜாக்கிக்கும் கேட்டது.

"இது ரொம்ப முக்கியம். ஒரிஜினல் காகிதம் எதையும் பெட்டிக்குள்ள போட்டுடாத. பெட்டி ப்ளேன் வயித்துக்குள்ள போயிடும். இறங்கின உடனே, பெட்டி கைக்கு வர்றதுக்கு முன்னாலேயே, அதிகாரி கேப்பான். காட்டலன்னா நாட்டுக்குள்ளயே விடமாட்டான். ஃபைல் கையோட இருக்கான்னு இப்பவே பாரு."

ஜாக்கி பெட்டியைச் சுற்றித் தான் கட்டிய கயிற்றைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டும். அதற்குள் கவுண்டர்காரி, "அடுத்து," என்றாள். பெட்டி எடை மேடைமேல் ஏறியது. சிவப்பு எழுத்தில் எண் வந்தது.

"எடை அதிகமா இருக்கு, குறைக்கணும்," என்றாள் கவுண்டர்காரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாஸ்போர்ட். அப்படியே காலேஜ் லெட்டர், விசா பேப்பர்."

பாஸ்போர்ட்டை நீட்டிய அண்ணி கைப்பைக்குள் கையை விட்டாள். துண்டு வந்தது. மறுபடி விட்டாள். பிஸ்கட் வந்தது. கைப்பையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டாள்.

"அம்மா, துண்டைக் காட்டினா ஏத்திக்க மாட்டாங்களா?" என்றாள் வாலு.

"அண்ணி," என்றாள் ஜாக்கி. "பெட்டிக்குள்ள இருக்கு. நடுவுல. பத்திரமா."

அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஜாக்கி திட்டுக்குத் தயாராக நின்றாள். ஜாக்கியாக இருந்தால் அந்த இடத்தில் கூரை பிய்ந்திருக்கும். முதலில் கத்தி, அப்புறம் அழுது, அதற்கப்புறம்தான் யோசித்திருப்பாள்.

அண்ணி ஒரு மூச்சை இழுத்து விட்டாள். அவ்வளவுதான்.

"ஓரமா வச்சுத் திறங்க, வரிசையை மறிக்காதீங்க," என்றாள் கவுண்டர்காரி.

"வந்துடறோம்மா. ரெண்டே கேள்வி. கவுண்டர் எப்ப மூடுவீங்க? திரும்பி வரும்போது கடைசியில போய் நிக்கணுமா, நேரா உங்ககிட்டயே வரலாமா?"

கவுண்டர்காரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் நேரம் இருக்கு. நேரா எங்கிட்டயே வாங்க."

பெட்டி தரைக்கு வந்தது. அண்ணியும் தரைக்கு வந்தாள், கிளம்புவதற்காக எடுத்து வைத்த நல்ல சேலையோடு. நூறு பேர் சுற்றி நடக்கிறார்கள் என்ற கூச்சமே அவளிடம் இல்லை.

"முடிச்சு உன்னோடது ஜாக்கி. நீயே அவிழ். அவசரப்படாத. வாலு, நீ இந்தத் துண்டை விரி. எடுக்கற சாமானெல்லாம் இதுமேலதான் வைக்கணும். ஒண்ணுகூட வெளியில போகாம பாத்துக்கறது உன் பொறுப்பு."

"பொறுப்பு," என்று வாலு துண்டுக்குக் காவலாளி மாதிரி நின்றாள்.

லாரி முடிச்சு லேசில் அவிழுமா? ஜாக்கி குனிந்து பல்லால் கடித்து இழுக்கப் பார்த்தாள். அண்ணி அவள் மணிக்கட்டை ஒரு கணம் பிடித்துவிட்டு எடுத்தாள். முடிச்சு இளகியது. கோட்டு வந்தது, கம்பளி வந்தது, சுருட்டிய போர்வை வந்தது. அதைப் பிரித்தால், பிறந்த குழந்தையைப் போலப் பத்திரமாக, ஒரு கசங்கல்கூட இல்லாமல் நீல ஃபைல்.

"எப்படி வச்சிருக்கா பாரு," என்று அண்ணி சொன்னாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

ஜாக்கிக்கு அழுகை முட்டியது. "திட்டிடுங்க அண்ணி. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க."

"உனக்கு ஏற்கெனவே முதுகு சரியில்ல," என்ற அண்ணி, ஃபைலைத் திறந்து ஒவ்வொரு காகிதமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ லாரிக்கு அடுக்கின. லாரியில சாமான் போற வழியிலதான் நாமளும் போறோம். இங்க பெட்டி ஒரு வழி, ஆள் ஒரு வழி. அது உனக்குத் தெரியாது, போன வாரம்வரை எனக்கும் தெரியாது. அதுல தப்பில்ல. எங்கிட்ட கேக்காம மாத்தின பாரு, அது தப்பு."

"தப்புதான்."

"சரி, முடிஞ்சுது. இந்தச் சட்டி எவ்ளோ இருக்கும்?"

ஜாக்கி கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தாள். "ரெண்டு கிலோ. கொஞ்சம் தூக்கலாவே இருக்கும்."

"இது வீட்டுக்குப் போகட்டும். அங்க ஒரு சட்டி கிடைக்காமலா போயிடும்? கோட்டை நான் போட்டுக்கறேன்."

அந்தப் புழுக்கத்தில் அண்ணி முழங்கால்வரை நீண்ட கோட்டைச் சேலைமேல் மாட்டினாள். அதன் இரண்டு பையிலும் சட்டிக்குள்ளிருந்த சாக்ஸைத் திணித்தாள். முகத்தில் வேர்வை ஓடியது. பக்கத்து வரிசையில் நின்ற சில பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களும் படிக்கப் போகிறவர்கள்தான், அண்ணியின் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருப்பார்கள். அண்ணி அவர்களைப் பார்த்து, "நீங்களும் ஒருதடவை பாத்துக்கங்கப்பா, ஃபைல் கையில இருக்கான்னு," என்றாள். சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம் மாறியது. அடுத்த நிமிடம் அவளும் பெட்டியைத் தரையில் சாய்த்துப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

ஜாக்கி அண்ணியைப் பார்த்தபடி நின்றாள். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் இப்படி முழுசாகப் பார்த்ததில்லை. தூக்குவது என்றால் தோளால் தூக்குவது மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். இவள் குரலை உயர்த்தாமலேயே ஒரு பெட்டியை, ஒரு குழந்தையை, உடைந்து போக இருந்த ஒருத்தியை, கூடவே முன்பின் தெரியாத ஒரு பெண்ணையும் சேர்த்துத் தூக்கி வைத்துவிட்டாள்.

இரண்டாவது முறை எண் பச்சையில் வந்தது. பெட்டி நகரும் பட்டையில் ஏறி, நெற்றி எழுத்தோடு திரைக்குப் பின்னால் போயிற்று.

*

பயணிகள் மட்டும் போகும் வாசல் வந்தது. அண்ணன் வரவில்லை.

ஜாக்கி போன் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்வை போயிற்று. சாலைக்கு அந்தப் பக்கம், சரக்கு வண்டிகளின் வரிசையில் அவர்களுடைய லாரி நின்றது. கேபினில் அண்ணன் இருந்தான். போனைக் கையில் எடுத்தான். பார்த்தான். முன்னால் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அண்ணி.

"இடமே கிடைக்கலையாம். சுத்திக்கிட்டே இருக்கானாம்."

"பொய் சொல்லும்போது உனக்கு முதுகு நேரா நிமிருது," என்றாள் அண்ணி. கண்ணாடிப் பக்கம் அவள் திரும்பவில்லை.

குனிந்து மகளைக் கட்டிக்கொண்டாள். கோட்டுக்குள் வாலு மூழ்கிப் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அம்மா, வகுப்புல வாயைத் திறக்கணும்."

"திறக்கறேன்."

"எல்லாத்தையும் நீயே தலையில போட்டுக்கக் கூடாது."

"போட்டுக்கல." அண்ணியின் குரல் அங்கேதான் லேசாக ஆடியது. நிமிர்ந்து, ஆர்டர் எடுக்கும் போனை ஜாக்கியின் கையில் வைத்தாள். "பாதியை இப்பவே உங்கிட்ட கொடுத்துட்டேன் பாரு. யாரு கூப்பிட்டாலும் உடனே சரின்னு சொல்லிடாத. எந்த மாடி, லிஃப்ட் ஓடுதா, லாரி எங்க நிக்கும்னு கேளு. அப்புறம்தான் மத்தது."

"நான் சொதப்பிடுவேன் அண்ணி."

"சொதப்பு. அப்புறம் பிரிச்சு அடுக்கு. இப்ப பண்ணோமே, அதேதான்."

கோட்டும் கைப்பையுமாக அவள் வாசலுக்குள் போனாள். நீல ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அண்ணி திரும்பிப் பார்த்துக் கையசைக்க, ஜாக்கி முதுகு வலியை மறந்து வாலுவைத் தோளுக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

தலை மறைந்து சற்று நேரம்கூட ஆகவில்லை. கையிலிருந்த போன் அலறியது.

"மேனேஜரா?" என்றது ஒரு ஆண் குரல். "ஆபீஸ் மாத்தணும்னு அன்னிக்குப் பேசினோமே. உங்களுக்கே கொடுக்கறதா முடிவு பண்ணிட்டோம். நாலு மாடி ஆபீஸ். வர்ற வாரமே முடிக்கணும்."

நாலு மாடி! ஒரு மாடியை மாற்றினாலே அந்த வாரம் பெரிய வாரம். 'சரிங்க' என்பது ஜாக்கியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"மேனேஜர் படிக்கப் போயிருக்காங்க. நான் அவங்க நாத்தனார்," என்றாள். "லிஃப்ட் ஓடுதுங்களா? லாரி எங்க நிக்கும்?"

"படிக்கப் போயிட்டாங்களா? அப்ப யாரு பாத்துக்குவாங்க?"

"நாளைக்கு நேர்ல வந்து இடத்தைப் பாத்துட்டுச் சொல்றேங்க," என்றாள் ஜாக்கி. வைத்துவிட்டு, வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தாள்.

*

லாரிக் கதவை அவள் அறைந்து சாத்திய வேகத்தில் கேபினே ஆடியது. இரும்புச் சட்டியைக் காலடியில் 'ணங்' என்று போட்டாள்.

"உள்ள போயிட்டாளா?" என்றான் அண்ணன்.

"போயிட்டாங்க."

"போலீஸ்காரன் வண்டிய விட்டுட்டுப் போகக் கூடாதுன்னுட்டான்."

"எந்தப் போலீஸ்காரன்? எனக்கும் காட்டேன். நானும் நல்லா ரெண்டு கேள்வி கேக்கறேன்."

ஜாக்கி நடந்ததை எல்லாம் கொட்டினாள், தன் தப்பையும் சேர்த்து. தரையில் உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து, கோட்டை மாட்டிக்கொண்டு அண்ணி நின்ற நிலையைச் சொன்னாள். அண்ணன் முழுசாகக் கேட்டான். ஒரு இடத்தில் அவன் முகம் மலர்ந்ததையும் அவள் பார்த்தாள். கவுண்டர்காரியிடம் கேட்ட இரண்டு கேள்வி வந்த இடம்.

"அவ அப்படித்தான்," என்றான் மெதுவாக. "எனக்குத் தெரியாதா? முதல் நாள்லேர்ந்தே தெரியும். அதான்... படிச்சுட்டு வந்து, திரும்ப இந்த லாரியில ஏறுவாளா ஜாக்கி?"

ஜாக்கி வைத்திருந்த கோபமெல்லாம் அங்கேயே தடுமாறி நின்றது. நாலு டயரையும் கழற்றிப் போட்ட வண்டி மாதிரி உட்கார்ந்திருந்தான் அவன்.

"ஏறுவாங்க," என்றாள். "ஏறி, யாரு எந்த சீட்டுல உக்காரணும்னு சொல்லுவாங்க. நீ முதல்ல வாயைத் திற."

லாரியை எடுக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே காத்திருந்தபோது, அண்ணனின் போனே அடித்தது. அண்ணிதான். ஜாக்கி எட்டி எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். இந்தத் தடவை எங்கேயும் ஓட முடியாது. டயர்கூட வெளியேதான் இருக்கிறது.

"என்னங்க," என்றாள் அண்ணி. பின்னணியில் கூட்டத்தின் இரைச்சல். "ஏறப்போறேன்."

"பெட்டி வெயிட் சரியா வந்துச்சா?" என்றான் அண்ணன்.

"வந்துச்சு."

"ஜன்னல் சீட்டா?"

"நடு சீட்டு."

"தண்ணி இருக்கா?"

"பிஸ்கட் இருக்கு. உங்க தங்கச்சி உபயம்."

"ம்."

இரைச்சல் கூடியது. யாரோ மைக்கில் வரிசை வரிசையாக ஆட்களைக் கூப்பிட்டார்கள். அண்ணன் கீழுதட்டைக் கடித்தான். விட்டான். மறுபடி கடித்தான். பீரோவைத் தூக்கிப் பாதிப் படியில் மாட்டிக்கொண்டவனைப் பார்ப்பது போல ஜாக்கி அவனையே பார்த்தாள். முட்டுக்கொடுக்க ஆசைதான். இதை வேறு யாரும் தூக்க முடியாது.

"வாயைத் திறக்கணும்பா," என்று வாலு ஜாக்கியின் மடியிலிருந்து எட்டி அவன் காதில் கிசுகிசுத்தாள். "இல்லன்னா மார்க் இல்ல."

அண்ணன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"டயர்ல காத்தெல்லாம் சரியா இருக்கா?" என்று அண்ணியே கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு நனைந்திருந்தது.

"இருக்கு," என்றான் அவன்.

"என் வரிசையைக் கூப்பிட்டுட்டாங்க. வச்சுடறேன். பாக்கி பாக்கியாவே இருக்கட்டும், நான் மறக்க மாட்டேன்."

போன் அணைந்தது. அண்ணன் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு சாவியைத் திருப்பினான். லாரி ஒரு உதறு உதறிக்கொண்டு நகர்ந்தது. ஜாக்கியின் முதுகில் ஆணி மறுபடி குத்தியது. அவள் மடியில் வாலு, கையில் ஆர்டர் போன், காலடியில் இரும்புச் சட்டி.

நடு சீட்டு காலியாக வந்தது. அதில் உட்கார வேண்டியவளுக்கு அண்ணன் ஒரு 'போயிட்டு வா' தர வேண்டியிருந்தது. அதை அவன் இன்னும் தரவில்லை.